மெராந்திப் பலகைத் தொட்டில்

டுரியான் துங்கால்
13 ஜூலை, ஞாயிறு

அன்பு மகள் அகல்யாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை கோகுலராஜும் உன் வயிற்றில் ஏழு மாதமாகக் குடியிருக்கும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நம் தாமான் குடியிருப்புக் கோயில் மாரியம்மனிடம் காலையில் சொல்லிவிட்டு வந்துதான் இந்தத் தாளை எடுத்தேன். இங்கே நான், அம்மா, உன் தம்பி புவனேஷ் மூவரும் சுகம். அம்மாவின் முட்டி வலியை அதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் அதற்கே இரண்டு தாள் போய்விடும். புவனேஷுக்கு ஏர்போர்ட் பக்கத்து ஃபேக்டரியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை, எனக்கு ஒரு டார்ச் லைட். ஏன்டா டார்ச் என்று கேட்டதற்கு, நீங்கதான் பின்னால ஸ்டோர்ல எதையோ எப்பப் பாத்தாலும் தேடிக்கிட்டே இருக்கீங்களே என்றான். டுரியான் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது, உன் பங்கையும் நானே தின்று சுகர் ஏறி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெர்த்தில் இப்போது குளிராமே, காலுறை போடாமல் தரையில் நடக்காதே. வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். ஏழெட்டுத் தடவை வாய்ஸ் மெசேஜ் பேசிப் பார்த்து அழித்துவிட்டேன் அம்மா. கடைசியாக ஒன்று அழியாமல் நான் தொண்டையைச் செருமிய சத்தத்தோடு உனக்கு வந்து சேர்ந்து, என்னப்பா சளியா என்று கேட்டு எழுதியிருந்தாய். சளி இல்லை தாயி. வெட்கம்.

போன வாரம் மாப்பிள்ளை எனக்குத் தனியாகப் போன் செய்தார். நீ அவரைக் கோபிக்காதே, பாவம், காரில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகப் பேசினார். அங்கே ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் கார் சீட் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாராம். கடைக்குப் போகலாம் என்று அவர் கூப்பிட்டால் நீ கத்துகிறாயாம், கடை வாசல் வரைக்கும் போய்க் காரை விட்டு இறங்காமல் அழுதாயாம். போன தடவை ரெண்டு சட்டை வாங்கினேன், எல்லாம் முடிஞ்சிப் போச்சி, இந்தத் தடவ ஒரு ஊசி நூல்கூட வாங்க விடமாட்டேன் என்று சொன்னாயாம். மாமா, நீங்க சொன்னா கேப்பா மாமா, ஒரு வார்த்த சொல்லுங்க மாமா என்றார். சரி சரி என்று வைத்துவிட்டேன். நான் சொன்னால் நீ கேட்பாயாம்! எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் உனக்குச் சொல்வது? அதனால்தான் முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட்டு, பிறகு கார் சீட்டுக்கு வருகிறேன். பொறுமையாகப் படி, உட்கார்ந்து படி, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்று வருடத்துக்கு முன் உனக்கு முதல் தடவை நின்று ஐந்தாம் மாதம் தொடங்கியபோது, சம்பந்தியம்மா காளியம்மா அலோர் காஜாவிலிருந்து பலகாரத்தோடு வந்தார்களே, நினைவிருக்கிறதா? அன்று பேச்சு வாக்கில், பிள்ளை பிறந்ததும் மலாக்கா டவுனில் பெரிய கடையில் கட்டில் தொட்டில் ஒன்று எடுத்து வந்துவிடுவோம், அண்ணனுக்கு எதுக்குச் சிரமம் என்றார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. முதல் பிள்ளை, தாய் வீட்டில் பிறக்கப் போகிறது, தொட்டில் அவர்கள் வீட்டிலிருந்து வருவதா? நான் என்ன வக்கற்றவனா? உன்னைத் தொட்டிலில் போட்ட காலத்தில் நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலையாக இருந்தேன், உனக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததுகூட தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்தான், அது வேறு உள்ளே கிடந்து குத்தியது. மறுநாளே, வீடு ரெனோவேஷன் வேலை எடுத்துச் செய்யும் நம் திருச்செல்வத்திடம் போய் நின்றேன். அவன் வீட்டுக்குப் பின்னால் ரெனோவேஷன் சாமான் போட்டு வைத்திருக்கிற கொட்டகை உனக்குத் தெரியும். தம்பி, உன் ரம்பத்தையும் டிரில்லையும் கொஞ்ச நாள் கொடு, இடமும் வேண்டும், ஆனால் எதற்கு என்று கேட்காதே என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, அண்ணே, ஆணி அடிக்கச் சொன்னா விரல்ல அடிச்சிக்கிற ஆளு நீங்க, பாத்து லா என்றான். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் எதுவும் வாங்கக் கூடாது, செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வாங்கத்தானே கூடாது, நான் வெறும் பலகைதானே அறுக்கிறேன், கடைசி நாள் வரைக்கும் பூட்டாமல் வைத்தால் அது தொட்டில் ஆகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். இந்தக் கள்ளச் சட்டத்தை நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலவும் இருக்கிறது.

என் வாழ்நாளில் நான் மரத்தில் செய்த முதல் சாமான் அதுதான் அம்மா. டவுனில் ஹார்ட்வேர் கடைக்காரரிடம் நான்கு மெராந்திப் பலகை வாங்கி லோரிக்காரப் பையனை வைத்துக் கொட்டகையில் இறக்கினேன். நம் வீட்டு சிலிங் வெறும் அட்டை, அதில் கொக்கி போட்டு ஸ்பிரிங் மாட்டினால் சிலிங்கே பிள்ளை மேல் வந்துவிடும், அதனால் இரண்டு பக்கமும் கவட்டைக் கால், மேலே ஒரு குறுக்குக் கட்டை, நடுவில் கொக்கி, அதில் ஸ்பிரிங், அதில் அம்மாவின் பழைய சேலை. போனில் படம் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். அளவு எடுத்ததில் ஒரு கால் கட்டை விரல் அளவு குட்டையாகப் போய்விட்டது. திரும்ப அறுக்கப் பலகை இல்லை, பழைய ஜப்பான் சிலிப்பர் ரப்பர் செருப்பு ஒன்றை வெட்டி அடியில் ஒட்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கைத் தோல் உரிந்தது, கை என்னப்பா என்று நீகூடக் கேட்டாய், செக்யூரிட்டி வேலையில் கேட் இழுத்தது என்று பொய் சொன்னேன். வார்னிஷ் வாடை பிள்ளைக்கு ஆகாது என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். கடைசியில் என் சட்டத்தையும் நானே மீறிப் பூட்டிப் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது? காலித் தொட்டிலை ஆட்டக் கூடாது என்பார்களே, அதற்குப் பயந்து பத்துக் கிலோ அரிசி மூட்டையைச் சேலையில் படுக்கவைத்து ஆட்டினேன். தாங்கியது. நானும் திருச்செல்வமும் ஆளுக்கொரு பக்கம் நின்று அரிசி மூட்டையை ஆட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகள்போலச் சிரித்தோம். இதற்குப் பெருமைப்பட்டதுபோல நான் எதற்கும் பெருமைப்பட்டதில்லை. கேன்வாஸ் போட்டு மூடிவிட்டு வந்தேன். அதற்கு இருபது நாளைக்குப் பிறகுதான் நீ கடையில் தள்ளுபடி சேலில் அந்த இரண்டு சட்டையும் வாங்கினாய். தேதியை நன்றாகப் பார்த்துக்கொள், நான்தான் உனக்கு முந்தியவன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், அதை நான் எழுத மாட்டேன். தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்துவிட்டது, இது யாருடைய தப்பும் இல்லை பாக்சிக் என்று அந்த மலாய் டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் அதையேதான் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் தொட்டில்தான். நான் செய்ததால்தானோ, பெருமைக்கு அடித்துக்கொண்டதால்தானோ என்று ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ வீட்டுக்கு வந்த மறுநாள் சம்பந்தியம்மா உன் அறையை ஒதுங்க வைக்கிறேன் என்று அலமாரியைத் திறந்தார்கள். பிளாஸ்டிக் பையில் அந்த இரண்டு சட்டை, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. இது யாரு வாங்கினது, புள்ள பொறக்கறதுக்கு முன்னால யாரு இதெல்லாம் வாங்குனது என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, நாந்தான் அத்தை, சேல்ல இருந்திச்சி, அழகா இருந்திச்சி என்றாய். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, விடுங்க என்றார், அவரை யாரும் பேச விடவில்லை. அப்போது நீ என்னைப் பார்த்தாய். கதவு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும், சம்பந்தி, சட்டையை விடுங்கள், நான் தொட்டிலே செய்து வைத்திருக்கிறேன், ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வந்தது. ஆனால் வந்தது வேறு. ஏம்மா அவசரப்பட்ட என்று கேட்டேன். நான் கேட்டேன் அகல்யா! கையில் தோல் உரிந்த தழும்பு மறையாமல் இருந்தவன் உன்னைப் பார்த்து அப்படிக் கேட்டேன். நீ அறைக்குள் போய்விட்டாய். அதற்குப் பிறகு எட்டு மாதம் கழித்துப் பெர்த்துக்குப் போனதும், இரண்டு தீபாவளிக்கும் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னதும் எனக்குப் புரியாதா? லீவு இல்லையாம் என்று தாமான் முழுக்க நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாப்பிள்ளை போன் செய்த மறுநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். கையை நிறுத்திவிட்டு, அப்ப அவள ஏங்க நிக்க வெச்சிக் கேட்டீங்க என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாளும் சோற்றுத் தட்டை மேசையில் டொக் என்று வைப்பாள், போய்விடுவாள். மூன்றாம் நாள் காலையில் தானாகவே வந்து, அலோர் காஜாவுக்கும் போயி சொல்லுங்க, நானும் வரேன், நானும் அன்னிக்கித் தலையில அடிச்சிக்கிட்டவதானே என்றாள். போனோம். சம்பந்தியம்மா நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் தொடங்கியதும் டிவியை அணைத்துவிட்டார்கள். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. அவர்கள் கத்துவார்கள், சம்பந்தம் அறுந்துபோகும் என்றுதான் மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். கத்தவே இல்லை. நிதானமாகச் சொன்னார்கள். அண்ணே, நான் வெளியாளு, அன்னிக்கி நான் கேட்டது தப்புத்தான், எனக்கும் பேரப்புள்ள போன வெறி. ஆனா அவ என் மூஞ்சியப் பாக்கல, உங்க மூஞ்சியத்தான் பாத்தா, நானும் உங்களத்தான் பாத்தேன். பெத்தவரு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பைய அப்பவே உள்ள வெச்சிருப்பேனே. நீங்களே கேட்டீங்க, அதனால அவ மேலதான் தப்புன்னு நானும் இத்தன வருஷம் நெனச்சிட்டேனே என்றார்கள். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல இருந்தது. பொம்பளைகள்தான் உன்னைப் பேசினார்கள், நான் பாவம் நடுவில் நின்றேன் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அது அன்றோடு போயிற்று. கிளம்பும்போது உன் நம்பரை மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருநாள் கூப்பிடுவார்கள், உனக்கு மனமிருந்தால் எடு, இல்லாவிட்டால் விடு, எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த எனக்கு யோக்கியதை இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அம்மாவிடமும் சொல்லவில்லை, அலோர் காஜாவிலும் சொல்லவில்லை. எழுதாமல் விட்டுவிடலாம் என்று இந்தத் தாளை இரண்டு தடவை மடித்துவிட்டேன். விட்டால் இந்தக் கடிதமும் அந்த டாக்டரம்மாவிடம் ஆட்டிய தலை மாதிரிதான் ஆகும். சம்பந்தியம்மா சட்டையைக் கூடத்துக்குக் கொண்டுவந்த மறுநாள் விடியற்காலையில் நான் திருச்செல்வம் வீட்டுக்குப் போய்த் தொட்டிலைத் துண்டு துண்டாக அறுத்தேன். வேணாம்ணே, யாருக்காச்சும் குடுத்துடலாம், நல்லா வந்திருக்குண்ணே என்று அவன் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டான். யாருக்காவது கொடுத்தால் யார் செய்தது என்று கேட்பார்களே, அந்தப் பயம் எனக்கு. மூன்று வாரம் செய்ததை அரை மணி நேரத்தில் அறுத்துச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தேன். அன்று உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வேப்பிலை மஞ்சள் போட்டுக் காய்ச்சுகிற தண்ணீர் விறகடுப்பில்தான் காய வேண்டும் என்று அம்மா பின்னால் மூன்று கல்லை வைத்துவிட்டு விறகு கேட்டாள். திருச்செல்வம் கொடுத்த வேஸ்ட் கட்டை என்று சொல்லிச் சாக்கைக் கொடுத்தேன். தேங்காய் எண்ணெய் தடவிய கட்டை, குபுகுபுவென்று எரிந்தது. அந்தச் சிலிப்பர்த் துண்டு மட்டும் கரும்புகை விட்டது, அதைக் குச்சியால் இழுத்து மண்ணில் புதைத்தேன். அந்தத் தண்ணீரில்தான் நீ குளித்தாய். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, அத்தனைக்கும் பிறகும் என்மேல் கோபப்படாமல், தண்ணி நல்லா சூடா இருந்திச்சிப்பா என்றாய். நான் ம் என்றேன். மூன்று வருடமாக நான் வெந்நீரில் குளிக்கவில்லை, வயசான காலத்தில் எதுக்குப் பச்சைத் தண்ணீர் என்று அம்மா தினமும் சண்டை போடுகிறாள், அவளுக்கு என்ன பதில் சொல்வது?

போதும். இப்போது நீ செய்ய வேண்டியது. உன் இரண்டு சட்டையால் ஒன்றும் ஆகவில்லை. சாமான் முன்கூட்டியே வந்ததால்தான் ஆனது என்று நீ அடம்பிடித்தால், உனக்கு முன்னால் ஆளுயரத் தொட்டிலைச் செய்து ஆட்டியே பார்த்தவன் நான், அந்தப் பழி முழுக்க எனக்கு, அதில் ஒரு நூல் அளவுகூட உனக்கு மிச்சம் இல்லை. டாக்டரம்மா சொன்னதுதான் உண்மை என்று எனக்கு அன்றும் தெரியும், அதை நம்பிச் சொல்லத்தான் அன்று தைரியம் இல்லை. வரும் சனிக்கிழமை மாப்பிள்ளையோடு கடைக்குப் போ, காரை விட்டு இறங்கு, மலிவானதாகப் பார்த்து எடுக்காதே, வாரை இழுத்துப் பார்த்து எடு. அதைக் காரில் மாட்டிக்கொண்டு ஊரை ஒரு சுற்று சுற்றி வா. பிடித்தால் சட்டையும் வாங்கு, பத்துச் சட்டை வாங்கு. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, டீயோடு சேர்த்து விழுங்காதே. மாப்பிள்ளையைத் திட்டாதே, அன்று அந்தக் கூடத்தில் உனக்காக வாய் திறந்த ஒரே ஆள் அவர்தான்.

மாரியம்மன் உன்னையும் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நீ பூவும் பொட்டுமாகப் பிள்ளை குட்டியோடு நூறு வருடம் இருக்க வேண்டும், இதைச் சொல்லும் உரிமை மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. முதலில் சீட்டை வாங்கு. வாங்கிய பிறகு கோபம் வரும், வர வேண்டும், அப்போது போன் செய்து என்னை நன்றாகத் திட்டு. நான் எடுக்கிறேன். அம்மாவையும் புவனேஷையும் அதே கூடத்தில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நின்றுகொண்டு கேட்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
நல்லமுத்து